கரப்பான் தின்ற மலைக்காடு

எங்கள் ஊருக்கு ரயில் வராது. ரயில் பார்க்க ஆசைப்பட்டால் பஸ் ஏறி மட்டக்களப்புக்குப் போக வேண்டும். தண்டவாளம் அங்கேயே முடிந்துவிடுகிறது. அதற்கு இந்தப் பக்கம் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என்று கடலோரமாக எவ்வளவு சனம் இருந்தாலும் எங்களுக்குப் பஸ்தான். அப்படிப்பட்ட மருதமுனையில் இருந்துகொண்டு நான் ரயிலுக்கு மரம் செய்கிறேன். சொன்னால் சிரிக்கிறார்கள். ஆரம்பத்தில் சிரித்தவர்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னேன். இப்போது சொல்வதில்லை. சிரித்து முடிக்கட்டும் என்று என் வேலையைப் பார்க்கிறேன்.

எழுத உட்கார்ந்ததால் ஒரு தடவை மட்டும் சொல்லிவிடுகிறேன். சில பேர் வீட்டுக்குள் பெரிய மேசை போட்டு, அதில் மலையும் ஆறும் பாலமும் ஸ்டேஷனும் கட்டி, உள்ளங்கையில் அடங்குகிற ரயிலை மின்சாரத்தில் ஓட விடுவார்கள். அந்த ஸ்டேஷனில் நிற்கிற மனிதன் என் சுண்டுவிரலில் பாதி உயரம்கூட வரமாட்டான். அவனுக்கு ஏற்ற அளவில் மரம் வேண்டும். வெட்டி அடுக்கிய மரக்கட்டைகள் வேண்டும். பளபளக்கிற பிளாஸ்டிக் மரத்தை நட்டால் ரயிலும் விளையாட்டுச் சாமானாகத் தெரியும். மரம் மரமாக இருந்தால் ரயில் ரயிலாகிவிடும். அந்த மரத்தைத்தான் நான் செய்கிறேன். நன்றாகச் செய்கிறேன். இதில் அடக்கமாகப் பேச எனக்கு வராது.

நான் நெசவுக்காரி. என் உம்மாவும் நெசவுக்காரி. கலியாணத்துக்கு எனக்குத் தந்த வீட்டின் பின்னறையில் உம்மா இரண்டு தறியும் பூட்டித் தந்தா. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். என் மாப்பிள்ளை ஒலுவிலில் படகு ஏறுகிறவர். அவர் கடலுக்குப் போனால் நானும் அவருடைய தங்கச்சியும் ஆளுக்கொரு தறியில் ஆண்கள் உடுக்கிற சாரம் நெய்வோம். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் மச்சி என்றுதான் கூப்பிடுவது.

சாரம் வாங்க வருகிறவர்களில் ஒருவர்தான் நாங்கள் 'சேர்' என்று மரியாதையாகக் கூப்பிடுகிற பெரியவர். கல்முனையில் பிறந்த மெதடிஸ்த கிறிஸ்தவர். கொழும்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்று அங்கேயே இருக்கிறார். நத்தார் பண்டிகைக்குச் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தால் எங்கள் வீட்டுக்கும் வந்து சாரம் எடுத்துப் போவார். ஒரு தடவை வந்தபோது மேசையில் என் மகளின் பள்ளிக்கூட வேலை இருந்தது. ஊர் ஒன்றைச் செய்து கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். வீடும் வயலும் மகள் செய்தாள். மரத்தை நான் செய்தேன். சேர் அந்த வேப்பமரத்தைக் கையில் எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார்.

"இது ஆர் செய்தது பிள்ளை?"

"நான்தான் சேர்."

"இலை?"

"தறிக்குக் கீழ கொட்டுற நூல். பொடியா வெட்டி அரிதட்டில அரிச்சது."

"அடிமரம்?"

"எரிஞ்சுபோன மோட்டர்ல உருவின செப்புக் கம்பி. முறுக்கி, மரத்தூளும் பசையும் பூசினது."

சேர் வந்த வேலையை மறந்து கதிரையில் உட்கார்ந்துவிட்டார். தன் வீட்டு மாடியில் மலைநாட்டு ரயில் பாதையைச் சின்னதாகக் கட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். பாதைக்கு மேலே ஒரு மலை, மலை நிறையக் காடு, அடியில் மரக்கட்டை அடுக்கி விற்கிற ஒரு மரக்காலை. எல்லாம் மனதில் இருக்கிறது, மரம்தான் இல்லை என்றார். சாரத்தை எடுக்காமலே போனார். அதை நான் பிறகு அனுப்பி வைத்தேன்.

நான் மலைநாட்டுக்குப் போனதில்லை. சேர் போனில் படம் அனுப்பினார். முதலில் செய்த மரங்கள் எல்லாம் வேம்பும் பூவரசுமாகவே வந்தன. கை தெரிந்ததைத்தான் செய்யும். பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டேன். பைன் மரத்துக்குத் தும்பு. இரண்டு கம்பிக்கு நடுவில் தென்னந்தும்பைப் பரப்பி, கம்பி நுனியைத் துளை போடும் மிஷினில் மாட்டிச் சுற்றினால் போத்தல் கழுவும் பிரஷ் மாதிரி வரும். கத்தரிக்கோலால் மேலே கூராகவும் கீழே அகலமாகவும் வெட்ட வேண்டும். ஒழுங்காக வெட்டினால் மரம் செத்துவிடும். அங்கே ஒரு கொப்பு உடைந்த மாதிரி, இங்கே ஒரு இடம் வெறுமையாக இருக்க வேண்டும். யூக்கலிப்டஸ் மரத்துக்குப் பட்டை உரிந்து தொங்கும். அதற்குக் கம்பியில் வெள்ளை நூலை ராட்டையால் சுற்றி, இரண்டு இடத்தில் நூலை அறுத்துத் தொங்கவிட்டேன். அதைப் படமெடுத்துச் சேருக்கு அனுப்பினேன். "மணக்குது பிள்ளை" என்று போனில் சொன்னார்.

இலையைக் கொப்பில் பிடிக்க வைக்கிறதில்தான் எங்கள் கைவேலை இருக்கிறது. எல்லோரும் வெள்ளைப் பசை போடுவார்கள். காய்ந்த பிறகு அது மினுங்கும். உண்மையான மரத்து இலை தூர நின்று பார்த்தால் அப்படி மினுங்காது. நாங்கள் தறியில் பாவு நூலுக்கு அரிசிக் கஞ்சி போடுகிறவர்கள். நூல் விறைக்கும், மினுங்காது. அதே கஞ்சியைத்தான் நான் மரத்துக்கும் போட்டேன். கொப்பைக் கஞ்சியில் தோய்த்து, நூல் பொடியில் உருட்டி, தலைகீழாகக் கொடியில் கட்டிக் காயவிட்டால் காற்றுக்கு அசையாத இலை வரும். இப்படி வேறு யாரும் செய்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. செய்திருந்தாலும் நான் யாரிடமும் கேட்டுச் செய்யவில்லை.

கட்டைகளுக்கு மருதோண்டி. எங்கள் வேலியில் நிற்கிற கிழட்டு மருதோண்டிக் கொப்பு பென்சில் தடிப்பில் இருக்கும், ஆனால் பட்டை வெடித்து, பெரிய மரத்தின் பட்டை மாதிரியே இருக்கும். பெண்டுகள் கை சிவக்க வைக்க இலையைப் பிடுங்கிப் போவார்கள், நான் தடியை வெட்டிப் போவேன். நகை வேலைக்காரர்களின் மெல்லிய வாளால் அறுத்தால் வெட்டுமுகத்தில் வளையம் வளையமாகத் தெரியும். ஆனால் கட்டை செய்வது வேறு, கட்டையை அடுக்குவது வேறு. அதைப் பார்க்கச் சம்மாந்துறையில் ஒரு மரக்காலைக்குப் போனேன். வாசலில் இருந்த இரண்டு பேர் என்னைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"என்ன ராத்தா, கூரைக்கு மரமா?"

"இல்ல. சும்மா பாக்க வந்தன்."

"சும்மா பாக்கவா? இது என்ன, கடற்கரையா?"

"உங்கட வேலையைச் செய்யுங்க. நான் கட்டையைப் பாத்துட்டுப் போறன்."

பார்த்தேன். கட்டையின் முகம் நட்சத்திரம் மாதிரி வெடித்திருந்தது. சங்கிலி போட்டு இழுத்த இடத்தில் பட்டை உரிந்து மஞ்சள் தெரிந்தது. அடியில் கிடந்த பழைய கட்டைகள் சாம்பல் நிறம், மேலே கிடந்த புதியவை சிவப்பு. முகத்தில் சிவப்பு மையால் இலக்கம் எழுதியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து அப்படியே செய்தேன். பழைய கட்டையைச் சாம்பல் தண்ணீரில் ஊறவிட்டேன், புதியதைத் தேயிலைச் சாயத்தில். இலக்கம் எழுதத் தையல் ஊசி.

அடுத்த வாரம் ஒரு அடுக்குக் கட்டையைப் பழப் பெட்டியில் வைத்துக்கொண்டு அதே மரக்காலைக்குப் போனேன். வீம்புக்குத்தான் போனேன், மறைக்க ஒன்றும் இல்லை. மேசையில் வைத்தேன். முதலாளி எழும்பி வந்து ஒரு கட்டையை எடுத்து மணந்து பார்த்தார்.

"என்ன மரம் இது?"

"மருதோண்டி."

அந்த இரண்டு பேரும் சிரிக்கத் தொடங்கிப் பிறகு நிறுத்திக்கொண்டார்கள். முதலாளி இலக்கத்தைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசித்தார். "இது எங்கட இலக்கம்" என்றார். மேசைக்கு அழகாக இருக்கும், தந்துவிட்டுப் போங்கள் என்று கேட்டார். தர ஏலாது, இது ரயிலில் போகிற கட்டை என்று சொல்லி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது எனக்குத் தனியாகச் சிரிப்பு வந்தது.

சேருக்கு முதலில் அனுப்பிய மரங்கள் பாதைக்குப் பக்கத்தில் முன்வரிசையில் நட்டப்பட்டன. பிறகு அவர் பெரிய வேலையைச் சொன்னார். கொழும்பில் ஒரு மண்டபத்தில் தங்கள் ரயிலைச் சனத்துக்குக் காட்டப்போகிறார்களாம். அதற்குள் மலை முழுவதும் காடாக வேண்டும். அவருடைய கூட்டாளிகள் வெளிநாட்டு மரம் வாங்கலாம் என்றார்களாம். "மலை முழுக்க உன்ர மரம்தான் நிக்கும் எண்டு சொல்லிப்போட்டன் பிள்ளை" என்றார் சேர்.

நான் ஒரு தறியைக் கழற்றினேன். மரம் பரப்ப இடம் வேண்டும். வீடும் என்னுடையது, தறியும் என் உம்மா தந்தது, கழற்ற யாரிடமும் கேட்கத் தேவையில்லை. ஆனால் ஊர் கேட்டது. பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தா.

"தறியைக் கழட்டிட்டியாமே புள்ள. இனி என்ன செய்யப்போறாய்?"

"மலை ஒண்டு செய்யப்போறன் மாமி."

"மலையா? இஞ்சயா? கடல் வந்து அள்ளிப் போகாம பாத்துக்க."

கழற்றிய தறி மரங்களைச் சுவரில் சாத்தி வைத்தேன். மலை சரிவந்தால் அது அங்கேயே நிற்கும். சரிவராவிட்டால் அதைத் திரும்பப் பூட்டி, மாமி பார்த்துக்கொண்டிருக்க, நான் சாரம் நெய்ய உட்கார வேண்டும். அதை நினைத்தாலே எனக்கு ரத்தம் கொதித்தது. மச்சியையும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டேன். கம்பியும் தும்பும் எனக்கு, கஞ்சி காய்ச்சுவதும் மரத்தைக் காயவிடுவதும் அவளுக்கு. அவளுடைய மகன் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தான். அவனும் கூடவே வருவான். மலையின் காட்டைச் செய்து பெட்டி பெட்டியாகச் சாரம் போகிற லொறியில் கொழும்புக்கு அனுப்பிவிட்டோம். சேர் அதை மலையில் நட்டுவிட்டு அறையைப் பூட்டித் தன் பிள்ளையைப் பார்க்க வெளிநாடு போனார். மாரி மழை முழுவதும் அறை பூட்டியே கிடந்தது.

திரும்பி வந்து அறையைத் திறந்த அன்று எனக்குப் போன் எடுத்தார். குரலே சரியில்லை.

"பிள்ளை, மரமெல்லாம் மொட்டையாப் போச்சு."

"என்ன மொட்டை?"

"இலை இல்லை. கொப்புத்தான் நிக்குது. இஞ்ச என்ர கூட்டாளி வெளிநாட்டு மரத்துக்குச் சொல்லுவம் எண்டு நிக்கிறார்."

படம் அனுப்பினார். பார்த்தேன். உடனே கோபம் வந்தது. என் மரம் இப்படிப் போகாது, அங்கே யாரோ என்னவோ செய்திருக்கிறார்கள் என்று சேரிடம் கத்தினேன். ஒன்றும் செய்யாதீர்கள், ஒரு மரத்தையும் பிடுங்காதீர்கள், நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

மாப்பிள்ளை வலை தைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க வாறாய்?"

"கொழும்புக்கு. நீங்களும் வாறீங்க."

"மரத்துக்கு வருத்தம் எண்டு கொழும்புக்குப் போற முதல் ஆள் நீதான்."

"நான் டொக்டர். நீங்க பேக்கைத் தூக்க வாங்க."

மட்டக்களப்புக்குப் போய் ரயில் ஏறினோம். இவ்வளவு மரம் செய்தவள் அன்றுதான் முதன்முதலாக ரயிலில் ஏறினேன். ஜன்னலோரம் இருந்து பார்த்துக்கொண்டே போனேன். பாதைக்குக் கிட்ட நிற்கிற மரம் கண்ணில் நிற்பதில்லை, ஓடிவிடுகிறது. தூர நிற்கிற மரம்தான் கூட வருகிறது. குளங்களுக்குள் பட்ட மரங்கள் இலையில்லாமல் வெள்ளையாக நின்றன, கொக்கு உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளை தூங்கிவிட்டார். நான் ஒன்றையும் விடாமல் பார்த்தேன். ஆனால் மனம் முழுக்க மொட்டை மலைதான் நின்றது.

சேர் வீட்டு மாடி அறையில் என் மலையைக் கண்டேன். மேசை சுவருக்குச் சுவர். ரயில் பாதை வளைந்து வளைந்து ஏறிப்போய்க் குகைக்குள் நுழைகிறது. மரக்காலையில் என் மருதோண்டிக் கட்டைகள் அப்படியே அடுக்கியிருந்தன. அதற்கு மேலே மலை. பைன் தும்பு அங்கங்கே கிள்ளியெடுத்த மாதிரி. மற்ற மரங்களில் இலை இல்லை, கொப்பில் ஓரிரு நூல் தொங்குகிறது. சேரின் கூட்டாளி அங்கே நின்றார். ஓய்வுபெற்ற எஞ்சினியர், பெரிய குரல்காரர். கையில் ஒரு கடதாசிப் பெட்டி.

"கை வேலை எண்டா இப்பிடித்தான். பார்க்க வடிவா இருக்கும், நிலைக்காது" என்றார்.

நான் மலைக்குக் கிட்டப் போனேன். குனிந்து பார்த்தேன். பாதையோர முன்வரிசை மரங்கள் பச்சையாக, ஒரு இலை குறையாமல் நின்றன. அவையும் என் மரம். அவற்றுக்கு ஒரு விரல் பின்னால் நிற்கிற மரம் மொட்டை. ஒரே மலை, ஒரே அறை, ஒரே மழை. முன்வரிசை முழுவதும் நானே தனியாகச் செய்தது. பின்னால் நிற்பது மச்சி கஞ்சி காய்ச்சியது. மொட்டை மரம் ஒன்றைப் பிடுங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். நூல் அரித்திருந்தது. அடியில் மிளகுத்தூள் மாதிரிக் கரப்பான் எச்சம்.

அங்கேயே நின்று மச்சிக்குப் போன் எடுத்தேன்.

"மச்சி, கஞ்சிக்குத் துத்தம் போட்டியா?"

"என்ன மச்சி, கொழும்புக்குப் போய் நிண்டு கஞ்சியைப் பத்திக் கேக்கிறீங்க?"

"போட்டியா இல்லையா, செல்லு."

"போடல்ல" என்றாள்.

நூலுக்குக் கஞ்சி காய்ச்சும்போது என் உம்மா எப்போதும் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவா, நானும் போடுவேன். சாயக் கடையில் விற்கிற நீலக் கல்லு அது. அது இருந்தால் கஞ்சி பூஞ்சணம் பிடிக்காது, பூச்சி கிட்ட வராது. இல்லாவிட்டால் அது வெறும் சோற்றுக் கஞ்சி. நெசவுக்காரர் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மச்சிக்கும் தெரியும்.

"ஏன் போடல்ல?"

"புள்ள தவழுறான் மச்சி. கைக்கு ஆப்பிட்டதையெல்லாம் வாயில வைக்கிறான். துத்தம் நஞ்சு. தறி நூல் எண்டா மேல இரிக்கி, அவனுக்கு எட்டாது. மரம் கீழ பாயில பரத்தியிரிக்கி. ரெண்டு தரம் ஒரு மரத்தைக் கவ்விட்டுப் போயிட்டான்."

"எனக்குச் செல்லியிருக்கலாமே."

"செல்லியிருந்தா ஏசியிருப்பீங்க."

"ஏசியிருப்பன்தான்."

ஏச வாயைத் திறந்தேன். ஆனால் அவளை ஏச ஒன்றும் அகப்படவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் போட்டிருக்க மாட்டேன். "சரி, வை. வந்து கதைப்பம்" என்றேன்.

கூட்டாளி பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "என்ன, காரணம் கிடைச்சதா?"

"கிடைச்சது. சேர்ர வீட்டுக் கரப்பத்தான் எங்கட ஊர்ச் சோறு திண்டிருக்கு."

சேர் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். கூட்டாளி சிரிக்கவில்லை. பெட்டியைத் திறந்து வெளிநாட்டு மரங்களை மேசையில் வைத்தார். நாளும் கிட்டிவிட்டது, இதை நட்டுவிடுவோம், இதைப் பூச்சி தின்னாது என்றார். பார்த்தேன். பச்சைப் பஞ்சு. அடிமரம் மினுங்குகிறது.

"எல்லாம் ஒரே அச்சு" என்றேன். "காட்டில ஒரே மாதிரி ரெண்டு மரத்தைக் காட்டுங்க, நான் இப்பவே ரயில் ஏறுறன்."

"அம்மா, சனம் ரயிலைப் பார்க்கத்தான் வரும். மரத்தைப் பார்க்க இல்லை."

"அப்ப மரம் இல்லாமலே ஓடவிடுங்க."

அவர் சேரைப் பார்த்தார். சேர் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "பிள்ளையின்ர மரம் வந்தா நடுவம். வராட்டி வெறும் மலையைக் காட்டுவம். நான் சொன்னது சொன்னதுதான்."

இப்போது என் தறி மட்டும் இல்லை, அந்த மனிதரின் பேச்சும் என் கையில் இருந்தது. மொட்டை மரங்களை எல்லாம் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். கம்பியாவது உதவும்.

திரும்பும்போதும் ஜன்னலோரம்தான் இருந்தேன். குளம் வந்தது. பட்ட மரங்கள் வந்தன. பைக்குள் கைவிட்டு ஒரு மொட்டை மரத்தை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். மெல்லிய கொப்புகள், நுனியில் அரித்து விட்ட நூல், பாசி மாதிரி. அதற்கும் குளத்துக்குள் நிற்கிற மரத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கொக்கு மட்டும்தான் குறை. மாப்பிள்ளை கண்ணைத் திறந்து, "இப்ப மரத்துக்கு ஊர் காட்டுறியா?" என்றார். பேசாமல் இருங்கள் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அடுப்பைக் கிணற்றடிக்கு மாற்றினோம். துத்தக் கஞ்சிக்கு ஒரு தனிச் சட்டி, அதன் காதில் சிவப்பு நூல். மரம் பரப்பப் பாய் இல்லை. சாத்தி வைத்த தறி மரங்களை எடுத்து உயரமாக ஒரு பரண் கட்டினேன், தவழுகிறவன் எழும்பி நின்றாலும் எட்டாத உயரம். தறியைத் தொட்டது தறியைத் திரும்பப் பூட்ட இல்லை என்று வேலிக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்த மாமிக்குக் கேட்கும்படி சொன்னேன். கடல் கொந்தளித்த நாட்களில் மாப்பிள்ளை வீட்டில் இருந்தார். வலை தைக்கிற கை, கம்பி முறுக்கவும் பழகிக்கொண்டது.

"கடல்காரனைக் காட்டுக்காரன் ஆக்கிட்டாய்" என்றார்.

"முறுக்கைக் குறைங்க. பைன் மரம் அப்பிடி நிக்காது."

"பைன் மரத்தை நீ எங்க கண்டாய்?"

"நீங்க கண்டீங்களா?"

மச்சி பின்னால் இருந்து, "ரெண்டு பேரும் காணாத மரத்துக்குச் சண்டை பிடிக்கிறாங்க" என்று மகனுக்குச் சொன்னாள்.

துத்தம் போட்ட கஞ்சி இலைக்குக் கொஞ்சம் நீலத்தைக் கொடுக்கும். தூரத்து மலையின் பச்சை அப்படித்தான் இருக்கும், ரயிலில் பார்த்தேன். மலையின் அடியில் துத்தம் குறைத்து, மேலே போகப்போகக் கூட்டினேன். மேசையில் கையளவு உயரமுள்ள மலை ஒரு காதம் தள்ளி நிற்கிற மாதிரி வந்தது. இது எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

மண்டபத்துக்கு நாங்கள் எல்லோரும் போனோம். மச்சி மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். சேர் துண்டு துண்டாகக் கழற்றிக் கொண்டுவந்து பூட்டிய மேசையில், முதல் நாளே போய் மலைக்காட்டை நானும் அவளும்தான் நட்டோம். நட்டு முடித்த பிறகு, பையில் இருந்த மொட்டை மரங்களில் நல்லதாகத் தெரிந்தெடுத்து, காட்டுக்கு நடுவில் அங்கங்கே குத்தினேன். எந்தக் காட்டிலும் பட்ட மரம் இருக்கும். ஒரு கொப்பில் வெள்ளை நூலால் கொக்கு ஒன்று கட்டி வைத்தேன். சேர் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சனம் வந்தது. ரயில் ஓடியது. எஞ்சினியர் சொன்னது சரிதான், எல்லோரும் ரயிலைத்தான் பார்த்தார்கள். ஆனால் ரயில் குகைக்குள் போய் மறைந்த பிறகும் கண்ணை எடுக்காமல் மலையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், அது எந்தப் பக்கத்தால் வரும் என்று காட்டுக்குள் தேடினார்கள். ஒருவராவது இது என்ன நூலா, தும்பா என்று கேட்கவில்லை. காடு என்று நினைத்துக்கொண்டார்கள். நான் மேசைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. ஒரு அம்மா தன் கூட வந்தவளிடம், "இந்த இடத்துக்கு நாங்கள் போயிருக்கிறம்" என்றா. போயிருக்க மாட்டா. அது என் வீட்டுப் பின்னறை.

மத்தியானம் எஞ்சினியர் வந்தார். மலையைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். பிறகு குனிந்து, என் பைன் மரத்தை விட்டுவிட்டு, யூக்கலிப்டஸை விட்டுவிட்டு, நேரே பட்ட மரங்களிடம் போனார். கண்ணைக் கிட்டக் கொண்டுபோனார்.

"இதுதான் உச்சம்" என்றார். குரல் சின்னதாகிவிட்டது. "நான் பாதை வேலையில இருக்கேக்க இப்பிடி மரம் எத்தனை கண்டிருக்கிறன். இந்த நுனி அரிப்பை எப்பிடிச் செய்தீங்க? இது கையால வராதே."

"நான் செய்யல்ல" என்றேன்.

"பின்ன ஆர்?"

"சேர்ர வீட்டுக் கரப்பத்தான்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். மச்சி சிரிப்பை அடக்க முடியாமல் மகனின் தலைக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டாள். சேர் சிரித்துச் சிரித்து மேசையைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் எஞ்சினியரும் சிரித்தார். சிரித்து முடித்ததும், தன் வீட்டிலும் ஒரு பாதை கட்டிக்கொண்டிருப்பதாகவும், அதற்கும் காடு வேண்டும் என்றும் சொன்னார். அந்தக் கடதாசிப் பெட்டி எங்கே என்று கேட்டேன். வீட்டில் கிடக்கிறது, பேரப்பிள்ளை விளையாடுகிறான் என்றார்.

"அப்ப சரி, செய்து தாறன்" என்றேன். "பட்ட மரமும் வேணுமா?"

"கட்டாயம் வேணும்."

"அதுக்குத் துத்தம் போடாம அனுப்புறன். மிச்ச வேலையை உங்கட வீட்டில செய்யட்டும்."

பின்னறையில் தறி மரங்கள் இன்னும் பரணாகத்தான் நிற்கின்றன. இப்போது அதில் எஞ்சினியரின் காடு காய்கிறது. மச்சியின் மகன் எழும்பி நடக்கத் தொடங்கிவிட்டதால் பரணை இன்னும் ஒரு முழம் உயர்த்த வேண்டும். பக்கத்து வீட்டு மாமி நேற்று வேலியோரம் வந்து, தன் வீட்டு மருதோண்டியும் கிழடு தட்டிவிட்டது, கட்டைக்கு வேண்டுமானால் வெட்டிக்கொண்டு போ என்றா. வெட்டிக்கொண்டு வந்தேன். அவவின் மருதோண்டிப் பட்டை எங்களுடையதைவிட நன்றாக வெடித்திருக்கிறது. அதை மட்டும் அவவிடம் சொல்லவில்லை.